ஜீப் ஹாரனும் லித்தியமும்: பைபோலார், ஏடிஹெச்டி இரண்டும் இருக்கிறவர் வேலையை விடலாமா?

கேள்வி, 2024 ஜூன் 9

வயது 29. குமுளியில் ஒரு மசாலாக் கடையில் பில் போடுகிறேன். நான்கு வருடமாக பைபோலாருக்கு (மனம் சில காலம் மேலே ஏறும், சில காலம் கீழே விழும் நோய்) மாத்திரை. போன மாதம் டாக்டர் ஏடிஹெச்டியும் (கவனச் சிதறல்) இருக்கிறது என்றார். "ஒண்ணு பத்தாதுன்னு இப்ப ரெண்டா? வேலைக்குப் போகாம இருக்க நல்ல சாக்கு" என்கிறான் அண்ணன். ஒரே ஆளுக்கு ரெண்டும் வருமா? வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 9, இரவு 10.40

வரும். எனக்கு இருக்கிறது. பைபோலார் உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இதை அண்ணனிடம் சொல்லிப் பயனில்லை. என் மாமாவிடம் சொல்லிப் பார்த்தவன் நான்.

வேலையை இப்போது விடாதீர்கள். மேலே இருக்கும்போதும் எழுதக் கூடாது, கீழே கிடக்கும்போதும் எழுதக் கூடாது, ராஜினாமாக் கடிதத்தை. நான் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். ஒன்று விடியற்காலை மூன்று மணிக்கு, ஒன்பது பக்கம். இன்னொன்று ஒரே வரி. இரண்டையும் என் மனைவி வைத்திருக்கிறாள், சண்டை வந்தால் எடுத்துப் படிக்க.

மீதி நாளை. மாத்திரை இழுக்கிறது.

ஜூன் 10, காலை

நான் கம்பம். வயது 41. ஏலக்காய்க் கடையில் கணக்குப் பிள்ளை, அதோடு புற்றடியிலும் போடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில் கடைக்காக உட்காருகிறவன். 2011-ல் டிப்ரஷன் என்று ஒரு பொது மருத்துவரிடம் போனேன். அதற்கான மாத்திரை மட்டும் கொடுத்தார். மூன்றாவது வாரம் கம்பத்திலிருந்து லோயர்கேம்ப் வரை நடந்தே போய் அணைக்கட்டுத் தண்ணீர்ப் பிரச்சினைக்கு என்னிடம் தீர்வு இருப்பதாக டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம்தான் பைபோலார் என்ற பெயரே வந்தது. மூடைத் தாங்குகிற மாத்திரை இல்லாமல் டிப்ரஷன் மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலரை இப்படித் தூக்கிவிடும். ஏடிஹெச்டி என்ற பெயர் 2022-ல்தான் வந்தது, மகனுடைய டீச்சர் அவனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டு என் ஆத்தா, "இவன் அப்பன் இதவிட மோசம்" என்று சொன்ன பிறகு.

எது எது என்று பிரிக்க என்னிடம் ஒரு கணக்கு உண்டு. ஏடிஹெச்டி சின்ன வயதிலிருந்தே கூடவே இருப்பது, 12 வயதுக்கு முன்பே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. பைபோலார் பருவமழை மாதிரி வந்து போவது. அன்றாடத்துக்கு இன்னும் சுருக்கமாக: ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்கினேன், காலையில் செத்த பிணமாகக் கிடக்கிறேன் என்றால் அது சிதறல், போனைப் பார்த்துக் கெட்ட தூக்கம். மூன்று மணி நேரம் தூங்கியும் குதிரை மாதிரி இருக்கிறேன் என்றால் டாக்டருக்குப் போன் போடு. அவ்வளவுதான்.

ஜூன் 10, மதியம்

"பருவமழை மாதிரி" என்றது தப்பு. மழையாவது ஜூனில் வரும் என்று தெரியும்.

ஜூன் 12

வேலை பற்றிக் கேட்டீர்கள், நான் என் கதையில் புகுந்துவிட்டேன். இதுவும் நோயில் சேர்த்தி.

என் வேலையில் இரண்டு பாதி. ஏல அறையில் உட்கார்ந்தால் என் கவனம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். லாட் வரும், சாம்பிளைக் கையில் உருட்டிப் பார்க்கவேண்டும், நிறம், பருமன், 8 எம்.எம்-மா 7-ஆ, விலை ஓடும், முடிந்தது, அடுத்த லாட். ஏடிஹெச்டிக்காரனுக்கென்றே செய்த வேலை. மறுநாள் அதே சரக்குக்குப் பில்லைச் சரிபார்க்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் எழுந்து போய்த் தரம் பிரிக்கும் அக்காமார்களிடம் கதை பேசிக்கொண்டிருப்பேன். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் வேறு: ஜிஎஸ்டிஆர்-1 மாதம் 11-ந் தேதி, 3பி 20-ந் தேதி. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய். மூன்று வருடத்தில் நான் அரசாங்கத்துக்குக் கட்டிய 50 ரூபாய்களைச் சேர்த்தால் மகனுக்கு ஒரு சைக்கிள் வரும்.

ஆகவே உங்களிடம் என் கேள்வி: கடையில் எந்தப் பாதி உங்களைக் கொல்கிறது? பில் போடுவதா, வரும் டூரிஸ்ட்டிடம் பேசுவதா? விடுவதென்றால் கடையை விடவேண்டாம், அந்தப் பாதியை மட்டும் விடப் பாருங்கள்.

ஜூன் 15

தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டது: "முதலாளியிடம் சொல்லலாமா?"

நான் பதினோரு வருடம் சொல்லவில்லை. 2022 நவம்பரில் சொல்ல நேர்ந்தது. புற்றடியிலிருந்து நான்கு லட்ச ரூபாய்ச் சரக்கு. ஏற்றவேண்டிய வண்டி ரிப்பேர், வேறு வண்டியில் ஏற்றினோம். ஈ-வே பில்லில் (சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டு) வண்டி எண்ணை மாற்றவேண்டும், பார்ட் பி, இரண்டு நிமிட வேலை. போனைக் கையில் எடுத்தேன். ஒரு வாட்ஸப் வந்தது. அவ்வளவுதான், மாற்றினேன் என்றே நினைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். கம்பம்மெட்டு 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தபிறகு கீழே ஜிஎஸ்டிக்காரர்கள் நிறுத்தினார்கள். ஏலக்காய்க்கு வரி 5 சதவீதம், நான்கு லட்சத்துக்கு இருபதாயிரம், அபராதம் வரியைப் போல இரு மடங்கு, ஆக நாற்பதாயிரம்.

முதலாளி கத்தவில்லை. நாற்பதில் பாதியை என் சம்பளத்தில் பத்து மாதம் பிடித்தார். அன்றைக்குத்தான் சொன்னேன், இரண்டையும். கொஞ்ச நேரம் காயை உருட்டிக்கொண்டு இருந்துவிட்டு, "இத முன்னாடியே சொல்லியிருந்தா பில் வேலய அந்தப் பொண்ணுகிட்ட குடுத்திருப்பேன்ல" என்றார். இரக்கமும் இல்லை, இளக்காரமும் இல்லை. பில் வேலை மாறியது. ஆனால் ஏல நாற்காலியையும் சேர்த்து எடுத்துவிட்டார், ஆறு மாதம். அது வலித்தது. 2019 அவருக்கும் ஞாபகம் இருந்தது.

ஜூன் 15, இரவு

17 வளைவு போடிமெட்டுக்கு. கம்பம்மெட்டுக்கு இல்லை. கட்டப்பனைக்காரர் ஒருவர், "அண்ணே, உங்களை எந்த வழியில இறக்கினாங்க?" என்று கேட்கிறார். வாராவாரம் போய்வருகிற மலையை மாற்றி எழுதிவிட்டேன். ஏடிஹெச்டி இருக்கிறதா என்று யாராவது சந்தேகப்பட்டிருந்தால் இதோ ஆதாரம்.

ஜூன் 23

2019 என்ன என்று கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கியில் மலை சரிந்து தோட்டங்கள் போயின. செடி போனால் அடுத்த வருடம் காய் எங்கே? விலை ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்கு ஒரு லாட் போனது. ஆயிரம் ரூபாய்க்கு விற்ற பொருள். அந்த ஆடி மாதம் நான் இரண்டரை மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தேன், வேகமாகப் பேசிக்கொண்டிருந்தேன், கணக்கெல்லாம் விரல் நுனியில். ஆனால் கம்பத்தில் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள்! ராத்திரி ஒரு மணிக்கு டீக்கடையில் காய் விலை பேசினார்கள். வீட்டை அடமானம் வைத்தார்கள். ஊரே மேனியாவில் (பைபோலாரின் அந்த 'மேலே') இருக்கும்போது ஒருத்தனை மட்டும் பார்த்து "உனக்கு உடம்பு சரியில்லை" என்று யார் சொல்வது? மாத்திரையை அதற்கு முந்தின மாதமே நிறுத்திவிட்டேன். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று.

மனைவியின் 11 பவுனை வைத்து என் சொந்தப் பொறுப்பில் காய் வாங்கினேன். கார்த்திகையில் கீழே விழுந்தேன். ஜனவரியில்கூட விலை ஒன்றும் மோசமில்லை, விற்றிருந்தால் தப்பித்திருப்பேன். போர்வைக்குள் கிடப்பவன் எப்படி விற்பான்? மேனியா பணத்தைத் தொலைத்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கியதுதான் மேனியா, தொலைத்தது டிப்ரஷன். மார்ச் 25 ஊரடங்கு. அதற்கப்புறம் விற்றது வாங்கியதில் பாதிக்கும் கீழே.

இப்போது என் யுபிஐ வரம்பு நாளுக்கு 2,000. ஏடிஎம் கார்டு மனைவியிடம். நகை லாக்கர் அவள் பெயரில் மட்டும். இதையெல்லாம் நன்றாக இருக்கும் நாளில் நானே கேட்டுச் செய்தது. மேலே ஏறிய பிறகு கேட்டால் கொடுக்க மாட்டேன், எனக்கே தெரியும்.

ஜூன் 24

ஒரு பெரியவர், "சோட்டாணிக்கரை போனீர்களா?" என்று கேட்டார். மனநோய் தீரும் என்று பலர் போகும் பகவதி கோயில். போனேன், 2013-ல், ஆத்தாவுக்காக. கீழ்க்காவில் குருதி பூஜை பார்த்தேன். ஆத்தாவுக்கு அன்றைக்கு நிம்மதி. அந்த நிம்மதி எனக்கும் உதவியது, பொய் சொல்லவில்லை. கோயில் மேல் கோபமில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு சாமியார் மாத்திரையை ஆற்றில் போடச் சொன்னார், கோபம் அவர் மேல். போட்டுவிட்டேன் என்பதில் என் மேல்.

ஜூலை 2

லித்தியம் பற்றி, நான் சாப்பிடும் மூட் மாத்திரை. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் மேனியாவுக்கு முதலில் பயன்படுத்திக் காட்டியது, இன்றும் அதே உப்புத்தான். உப்பு என்பதால்தான் தொல்லை. ரத்தத்தில் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்கவேண்டும். 1.5-ஐத் தாண்டினால் விஷம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. நான் முதல் வருடம் காலையில் மாத்திரை போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் பதறியது தனிக்கதை. தைராய்டும் சிறுநீரகமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

2017 சித்திரை. வீரபாண்டித் திருவிழா, கொளுத்துகிற வெயில், ஆற்று மணலில் நாளெல்லாம் நடை, தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. இடுப்பு வலி என்று மருந்துக்கடையில் கேட்டேன், டைக்ளோபெனாக் கொடுத்தார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான்கு நாள். ஐந்தாம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, வாந்தி, நாக்குக் குழறியது. பங்காளி ஒருவர் நான் குடித்துவிட்டு வந்ததாக வீட்டில் சொல்லிவிட்டார். ரத்தத்தில் லித்தியம் 1.9. இரண்டு நாள் டிரிப்ஸ். வலி மாத்திரைகளில் டைக்ளோபெனாக், ஐபுப்ரொஃபென் வகையெல்லாம் லித்தியத்தை உடம்பில் தேக்கிவிடும். வயிற்றுப்போக்கும் அப்படித்தான், திடீரென்று உப்பைக் குறைப்பதும் அப்படித்தான். பிபி வந்த சொந்தக்காரர் யாராவது உங்களையும் உப்பில்லாமல் சாப்பிடச் சொன்னால் கேட்காதீர்கள்.

பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன்: "லித்தியம் சாப்பிடுகிறேன். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்." மலையாளத்திலும் எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்றால் பாதி நாள் அந்தப் பக்கம்தான்.

ஜூலை 2, பின்குறிப்பு

டீ. டீயிலுள்ள கஃபைன் லித்தியத்தை வெளியே தள்ளும். நாளைக்கு எட்டு டீ குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் அளவு ஏறும். இடுக்கியில் டீயை நிறுத்தும் ஆள் யாரும் இல்லை என்பதால் இதுவரை ஆபத்தில்லை.

ஜூலை 19

வண்டிப்பெரியாறு தங்கச்சி ஒருவர் என் தூக்கக் கணக்கைப் பிடித்து உலுக்கிவிட்டார். அவருக்குக் கைக்குழந்தை. மூன்று மணி நேரம்தான் தூக்கம், செத்த களைப்பு, ஆனால் உள்ளுக்குள் மோட்டார் ஓடுகிறது, அழுகையும் கோபமும் சேர்ந்து வருகிறது. "உங்க கணக்குப்படி இது வெறும் சிதறல்தானே அண்ணே?"

இல்லை. நான் எழுதியதைத் திருத்துகிறேன். மேலும் கீழும் ஒன்றாகக் கலந்து வருகிற நிலை ஒன்று உண்டு, ஆபத்தில் அதுதான் முதல். களைப்பு இருக்கிறது என்பதற்காக மேனியா இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரசவத்துக்குப் பிறகு பைபோலார் உள்ளவர்களுக்குச் சரிவு வரும் வாய்ப்பு வேறு அதிகம். அவரிடம் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், பார்த்துவிட்டார். ராத்திரியில் யாரையும் பிடிக்க முடியாவிட்டால் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள், காசில்லை.

என் கணக்கை அழிக்கவில்லை. மேலே அப்படியே இருக்கட்டும், அதன் கீழே இந்தக் குறிப்பும் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 4

ஏடிஹெச்டி மாத்திரைக்கு வருகிறேன். குமுளித் தம்பி, டாக்டர் ஏன் உடனே தரவில்லை என்று கோபப்பட்டிருந்தீர்கள். அவர் செய்தது சரி. முதலில் மூட் நிற்கவேண்டும், பிறகுதான் கவனம். ஸ்வீடனில் 2,300-க்கும் மேற்பட்ட பைபோலார்க்காரர்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. மூட் மாத்திரை இல்லாமல் மெதில்பெனிடேட் (ஏடிஹெச்டி மாத்திரை) மட்டும் எடுத்தவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் மேனியா பல மடங்கு கூடியது. மூட் மாத்திரையோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. அஸ்திவாரம் போட்டுவிட்டு மாடி கட்டு என்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு முதலில் அடமாக்ஸெட்டின் கொடுத்தார்கள். வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், வாய் காயும். எனக்குப் பெரிதாக உதவவில்லை, உங்களுக்கு உதவலாம். லித்தியம் ஒன்றரை வருடம் ஒரே அளவில் நின்றபிறகு மெதில்பெனிடேட், குறைந்த அளவில், காலையில் மட்டும். அது எக்ஸ் அட்டவணை மருந்து. விற்பதற்குக் கடைக்காரருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், சீட்டு இரண்டு பிரதி, ஒன்றை அவர் இரண்டு வருடம் வைத்திருக்கவேண்டும். சின்ன ஊரில் எந்தக் கடைக்காரர் இந்தத் தலைவலியை வாங்குவார்? நான் மதுரை போகிறேன். 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்தது, தேனியில் ஏறிவிடலாம். காகிதத்தைத் தொலைக்கும் நோய்க்கு உண்டான மருந்துக்கு இரண்டு காகிதம் கேட்கிறார்கள். சட்டம் எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

ஆகஸ்ட் 11

சுருக்கமாக, கேட்டவர்களுக்கு: மனநல மருத்துவச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. மற்ற நோய்களுக்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரவேண்டும் என்று அதில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016-ல் மனநோயும் சேர்த்தி, 40 சதவீதம் இருந்தால் சலுகை. அரசு வேலையில் இருப்பவருக்கு இது நல்ல கவசம். ஏலக்காய்க் கடைக் கணக்குப் பிள்ளைக்குக் கவசம் முதலாளியின் அன்றைய மனநிலை.

அக்டோபர் 6

இரண்டு மாதம் காணோம் என்று கேட்டவர்களுக்கு: நன்றாக இருந்தேன், காய் சீசன், நேரமில்லை.

ஜீப் பற்றி எழுத நினைத்து மறந்திருக்கிறேன். என் வீடு மெட்டுக்குப் போகும் சாலையில். காலை ஐந்தரைக்குத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறும். என் தெருமுனையில் ஒரு டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடிப்பார், ஒரு அக்கா எப்போதும் தாமதம். பத்து வருடமாக என்னை எழுப்புவது அந்த ஹாரன். பைபோலாருக்கு எழுந்திருக்கும் நேரம் மாறாமல் இருப்பது மாத்திரைக்கு அடுத்தபடி முக்கியம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அதை அந்த அக்கா எனக்கு இலவசமாகச் செய்துகொண்டிருந்தார். படுக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். எழும் நேரத்தைப் பிடித்தால் படுக்கும் நேரம் தானாக வழிக்கு வரும்.

2020-ல் எல்லையை மூடினார்கள். ஜீப் இல்லை. நான் அப்போது விழுந்தது காய் விலையால் என்றுதான் இவ்வளவு நாள் சொல்லிவந்தேன், ஜூன் 23 குறிப்பிலும் ஹாரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்றைக்கு யோசித்தால், கார்த்திகையில் விழுந்தவன் மாசியில் எழுந்துகொண்டிருந்தேன். பங்குனியில் ஹாரன் நின்றது. மறுபடி விழுந்து ஆவணி வரை எழவில்லை. விலை மட்டும் காரணமில்லை.

மனைவியிடம் சொன்னேன். "அந்தக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுங்க" என்றாள். எதற்கென்று சொல்லிக் கொடுப்பது?

டிசம்பர் 1

குமுளித் தம்பி எழுதியிருக்கிறார்: கடையை விடவில்லை. பில்லிங்கை வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டு வாசலில் நின்று ஆள் பிடிக்கிறார், மூன்று மொழியில். அண்ணன் இன்னும் "சாக்கு" என்றுதான் சொல்கிறானாம். சொல்லட்டும்.

எனக்கும் ஏல நாற்காலி எப்போதோ திரும்பிவிட்டது, இங்கே சொல்ல மறந்தேன். ஒரு மாற்றம்: உச்ச விலையை முதலாளி காலையில் ஒரு சீட்டில் எழுதித் தருவார், அதைத் தாண்ட என்னால் முடியாது. முதலில் அவமானமாக இருந்தது. பிறகு பார்த்தால் முதலாளி தன் மகனுக்கும் அதே சீட்டைத்தான் தருகிறார். அவனுக்கு ஒரு நோயும் இல்லை.

2025 பிப்ரவரி 9

ஹாரன் கேட்கவில்லை. சீசன் முடிந்துவிட்டது என்று நினைத்து எட்டரை வரை தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க ஜீப் வந்துகொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் கிழமை தெரியவில்லை. மாத்திரை டப்பாவில் சனி ராத்திரி அறை காலி, ஞாயிறு ராத்திரி அறையும் காலி. நேற்று இரண்டையும் போட்டேனா, இல்லை நிரப்பும்போதே ஒன்றை விட்டேனா?

மனைவி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதினேழு இருக்கவேண்டுமாம்.